யோசனை வறண்ட அலுவலகமும் ஆஸ்பர்னின் வைத்தியமும்

இந்த முறை கொஞ்சம் வரலாறு. பதிவு நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

"எல்லாரும் வந்து உட்காருங்க, ஆளுக்கு ஒரு ஐடியா சொல்லுங்க." இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் நம்மில் யாராவது இருக்கிறோமா? கல்லூரி விழாவுக்குப் பெயர் வைக்க வேண்டுமா, கடைசி வருட ப்ராஜெக்டுக்குத் தலைப்பு பிடிக்க வேண்டுமா, கம்பெனியில் விற்காத சரக்கை விற்க வழி வேண்டுமா, உடனே ஒரு அறை, ஒரு வெள்ளைப் பலகை, பத்து நாற்காலி. முதல் இரண்டு பேர் பேசுவார்கள். மூன்றாவது ஆள் "அவர் சொன்னதுதான் நானும் நினைச்சேன்" என்பார். மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் நோட்டில் எதையோ எழுதி அடித்துக்கொண்டே இருப்பார். கடைசியில் தேநீர் வரும், கூட்டம் முடியும். வெளியே வரும்போது "நல்லா போச்சுல்ல?" என்று எல்லாருக்கும் ஒரு திருப்தி.

பிரெய்ன்ஸ்டார்மிங் என்கிற இந்தச் சடங்கைத் தொடங்கிவைத்தவர் ஒரு அமெரிக்க விளம்பரக்காரர். அவர் எழுதியதையும் அவருக்குப் பின்னால் வந்த ஆராய்ச்சிகளையும் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றியது. அவர் சொன்னதில் பாதியைத்தான் உலகம் எடுத்துக்கொண்டது. அதுவும் தவறான பாதியை.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதற்குள்ளேயே ஒரு கொலை வழக்கு இருக்கிறது. 1906 ஜூன் 25 அன்று நியூயார்க்கில், மாடிசன் ஸ்கொயர் கார்டன் கட்டடத்தின் மொட்டைமாடி அரங்கில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது, ஹாரி தா என்ற பெரும் பணக்கார வாரிசு, ஸ்டான்ஃபோர்ட் ஒயிட் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரைச் சுட்டுக் கொன்றார். 1907இல் விசாரணை. குற்றவாளியைக் காப்பாற்ற வந்த மனநல மருத்துவர் ஒருவர், சுட்ட நேரத்தில் அவருடைய மூளைக்குள் ஒரு புயல் அடித்தது என்று சாட்சி சொன்னார். பத்திரிகைகள் அந்தச் சொல்லைக் கொத்திக்கொண்டு போயின. ஆக, அந்தக் காலத்தில் 'பிரெய்ன்ஸ்டார்ம்' என்றால் திடீர்ப் பைத்தியம் என்று பொருள். பிறகு மெல்ல மெல்ல, திடீரென்று மண்டையில் உதிக்கும் யோசனைக்கும் அமெரிக்கர்கள் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள்.

தமிழில் சிலர் 'மூளைப்புயல்' என்று எழுதுகிறார்கள். (சிலர் 'மூளைச்சலவை' என்றும் சொல்லிவிடுகிறார்கள். அது வேறு சங்கதி. சில கூட்டங்களில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை என்பது உண்மைதான் :-) ) வேடிக்கை என்னவென்றால், இந்தக் கூட்டத்தை உருவாக்கியவர் கொடுத்த விளக்கத்தில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. கமாண்டோ படை தாக்குவதைப்போல, எல்லாருடைய மூளையும் ஒரே இலக்கைத் தாக்க வேண்டும் என்றுதான் அவர் எழுதினார். அதாவது புயல் இல்லை, முற்றுகை. அவர் அதை எழுதியது 1948இல். இரண்டாம் உலகப்போர் முடிந்து மூன்றே வருடம்.

சரி, ஆளைப் பார்ப்போம். அலெக்ஸ் ஆஸ்பர்ன். 1888இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஹாமில்டன் கல்லூரியில் படித்துவிட்டு, பஃபலோ நகரத்தில் பத்திரிகை நிருபராக வேலை பார்த்தார். பிறகு விளம்பரத் துறைக்கு வந்து, 1919இல் புரூஸ் பார்ட்டன், ராய் டர்ஸ்டைன் என்ற இருவரோடு சேர்ந்துகொண்டார். 1928இல் அந்த நிறுவனம் ஜார்ஜ் பேட்டன் கம்பெனியோடு இணைந்து பி.பி.டி.ஓ. ஆனது. நான்கு பேர் பெயரின் முதல் எழுத்து. இன்றுவரை விளம்பர உலகில் எல்லாருக்கும் தெரிந்த பெயர்.

1938இல் அந்த நிறுவனம் ஆட்டம் கண்டது. ஒவ்வொரு வாடிக்கையாளராகக் கழன்றார்கள், முக்கியமான ஆட்களும் போய்விட்டார்கள். 1939இல் டர்ஸ்டைனும் ராஜினாமா செய்தார். பஃபலோ கிளையில் இருந்த ஆஸ்பர்ன் நியூயார்க்குக்கு ஓடி ஓடி வந்து கப்பலைக் கரைசேர்க்க வேண்டியிருந்தது. விளம்பரக் கம்பெனிக்கு இயந்திரமும் கிடையாது, கிடங்கும் கிடையாது. அங்கே சரக்கு என்றால் யோசனைதான். அது வறண்டுபோனால் கடையை மூட வேண்டியதுதான். பிரெய்ன்ஸ்டார்மிங் ஏதோ பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிறந்ததல்ல. இப்படி ஒரு இக்கட்டில் பிறந்தது. ஊழியர்களைக் குழுவாக உட்காரவைத்து யோசிக்கும் கூட்டங்களை அவர் 1939இல் ஆரம்பித்தார். அதில் கலந்துகொண்டவர்களே அதற்குப் 'பிரெய்ன்ஸ்டார்ம்' கூட்டம் என்று பெயர் வைத்ததாக ஆஸ்பர்ன் சொல்கிறார்.

அவர் கண்ணில் பட்ட நோய் சாதாரணமானது. கூட்டத்தில் இளையவர் ஒருவர் வாயைத் திறந்ததும் மூத்தவர் "அது சரிப்படாது" என்பார். அந்த இளையவர் அடுத்த ஆறு மாதத்துக்கு வாயைத் திறக்க மாட்டார். இதற்குத்தான் அவர் விதிகள் வகுத்தார். கூட்டம் நடக்கும்போது யாரும் எதையும் குறை சொல்லக் கூடாது. எவ்வளவு கிறுக்குத்தனமான யோசனையாக இருந்தாலும் வரட்டும். எண்ணிக்கை முக்கியம், தரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் பிடித்துக்கொண்டு மேலே கொண்டுபோகலாம். இவ்வளவுதான்.

1942, 1948, 1953 என்று வரிசையாகப் புத்தகங்கள் எழுதினார். கடைசியாக வந்த 'அப்ளைடு இமாஜினேஷன்' கல்லூரிகளில் பாடப்புத்தகமாகவே ஆனது. 1954இல் ஒரு அறக்கட்டளை, 1955இல் பஃபலோ பல்கலைக்கழகத்தில் முதல் பயிலரங்கு. ஐம்பதுகளில் அமெரிக்கக் கம்பெனிகளும் ராணுவமும் இந்த முறையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின.

அந்தப் புத்தகத்தில் நம் ஊர்ப்பக்கம் வரும் ஒரு குறிப்பும் உண்டு. இந்தியாவில் இந்து ஆசிரியர்கள் 400 ஆண்டுகளுக்கு மேலாக இதே முறையைப் பின்பற்றி வருகிறார்கள், அதற்குப் 'பிராய் பர்ஷனா' என்று பெயர், 'உனக்கு வெளியே' என்றும் 'கேள்வி' என்றும் பொருள் என்று ஆஸ்பர்ன் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு சொல்லை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. 'ப்ரஷ்ன' என்ற வடசொல் அமெரிக்கக் காதில் விழுந்து இப்படி ஆகியிருக்கலாம் என்பது என் ஊகம். நம்முடைய 'பிரச்சினை'யும் அந்தச் சொல்லின் வழி வந்ததுதான். கேள்வி நம் ஊரில் பிரச்சினை ஆனதற்கு ஆஸ்பர்ன் பொறுப்பல்ல.

இப்போது கதையின் திருப்பம். ஐந்து பேர் சேர்ந்தால் ஐந்து தனி ஆளைவிட அதிக யோசனை வரும் என்று எல்லாரும் நம்பினார்களே, அதை யாராவது எண்ணிப் பார்த்தார்களா? 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் டெய்லர், பால் பெர்ரி, கிளிஃபர்ட் பிளாக் என்ற மூவர் எண்ணிப் பார்த்தார்கள். 96 மாணவர்கள். 48 பேரை நான்கு நான்கு பேராக 12 குழுக்களாகப் பிரித்தார்கள். மீதி 48 பேர் தனித்தனியாக உட்கார்ந்து யோசித்தார்கள். எல்லாருக்கும் ஆஸ்பர்னின் அதே விதிகள், அதே கேள்விகள். ஒரு கேள்வி, ஐரோப்பியச் சுற்றுலாப் பயணிகளை அமெரிக்காவுக்கு இழுப்பது எப்படி. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. இனி பிறக்கும் ஒவ்வொரு மனிதனுக்கும் கையில் ஒரு கட்டைவிரல் கூடுதலாக இருந்தால் என்னென்ன நன்மை, என்னென்ன தொல்லை? (படிப்பதை நிறுத்திவிட்டு நீங்களும் இரண்டு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கையுறை, மோதிரம், கைரேகை ஜோசியம்... வந்துகொண்டே இருக்கும்.)

இங்கே அவர்கள் செய்த வேலையைக் கவனியுங்கள். நான்கு பேர் குழுவை ஒரு தனி ஆளோடு ஒப்பிட்டால் குழு ஜெயிக்கத்தான் செய்யும். அது நியாயமில்லை. அதனால் தனியாக யோசித்தவர்களில் நான்கு நான்கு பேரின் பட்டியல்களைக் காகிதத்தில் ஒன்றாகச் சேர்த்தார்கள். இரண்டு பேர் ஒரே யோசனையை எழுதியிருந்தால் ஒன்றாகத்தான் கணக்கு. ஆக, ஒரு பக்கம் சேர்ந்து பேசிய நான்கு பேர். மறுபக்கம் ஒருவரையொருவர் பார்க்காத, காகிதத்தில் மட்டுமே குழுவான நான்கு பேர். முடிவு? காகிதக் குழு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு யோசனை கொடுத்திருந்தது. தரத்திலும் அதுதான் மேல்.

"மாணவர்கள்தானே, பழக்கமில்லாதவர்கள்" என்று சொல்லலாம் இல்லையா. 1963இல் மார்வின் டன்னெட்டும் அவரது சகாக்களும் மினசோட்டாவில் த்ரீ எம் நிறுவனத்துக்கே போனார்கள். 48 ஆராய்ச்சியாளர்கள், 48 விளம்பரப் பிரிவு ஊழியர்கள், மொத்தம் 24 குழுக்கள். அவற்றில் 23 குழுக்களின் ஆட்கள், சேர்ந்து யோசித்ததைவிடத் தனியாக யோசித்தபோதுதான் அதிகம் கொடுத்தார்கள். யோசனையை விற்றே சம்பளம் வாங்கும் விளம்பரக்காரர்களுக்கும் இதே கதிதான்! அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. குழுவில் உட்கார்ந்துவிட்டு அதன் பிறகு தனியாக யோசித்தவர்கள்தான் எல்லாரையும்விட நன்றாகச் செய்திருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஏன் இப்படி? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. ஜெர்மனியில் மைக்கேல் டீல், வுல்ஃப்காங் ஸ்ட்ரோப என்ற இருவர் 1987இல் வெளியிட்ட ஆய்வு துப்பறியும் கதை மாதிரி இருக்கும். அவர்களிடம் மூன்று சந்தேக நபர்கள். ஒன்று, சோம்பல், அதாவது மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு. இரண்டு, பயம், என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். மூன்றாவது, யாரும் பெரிதாகச் சந்தேகப்படாத அப்பாவி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்ற சாதாரண நடைமுறை.

முதல் இரண்டுக்கும் குற்றத்தில் கொஞ்சம் பங்கு இருந்தது, ஆனால் முழுக் கணக்குக்கும் அவை காணவில்லை. மூன்றாவது ஆளைச் சோதிக்க அவர்கள் நான்கு பேரை நான்கு தனி அறைகளில் உட்காரவைத்து, எதிரே விளக்குகளைப் பொருத்தினார்கள். வேறொருவர் பேசிக்கொண்டிருந்தால் சிவப்பு எரியும், நீங்கள் பேசக் கூடாது. அவர் நிறுத்தினால்தான் பேசலாம். சாலைச் சந்திப்பு மாதிரி. பக்கத்தில் யாரும் இல்லை, முறைத்துப் பார்க்க மேலதிகாரி இல்லை, வெறும் விளக்குதான். அப்படியும் யோசனைகளின் எண்ணிக்கை, சேர்ந்து உட்கார்ந்த குழுக்களின் அளவுக்கு விழுந்தது. அதே விளக்குகள் எரிந்தும், அவற்றைப் பொருட்படுத்தாமல் பேசலாம் என்று சொல்லப்பட்டவர்களுக்கு விழவில்லை.

ஆக, ஆளை முடக்கியது காத்திருப்பு. நம் முறை வரும்வரை கையில் இருக்கும் யோசனையை மறக்காமல் பிடித்துவைத்திருக்க வேண்டும். பிடித்துக்கொண்டிருக்கும்போது புதிதாக ஒன்றை யோசிக்க முடியாது. முறை வருவதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும், "இது இப்போ பொருத்தமில்லை" என்று நாமே அதை விட்டுவிடுவோம். மூலையில் நோட்டில் எழுதி அடித்துக்கொண்டிருப்பாரே ஒருவர், அவருக்கு யோசனை இல்லாமல் இல்லை. அவர் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருக்கிறார்.

ஆஸ்பர்ன் மருந்து கொடுத்தது பயத்துக்கு. நோயின் பெரிய பகுதி அவர் பார்க்காத இடத்தில் இருந்தது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் பயப்படுவது முகத்தில் தெரியும். அவர் மறந்துபோன யோசனை யாருக்குத் தெரியும்?

இவ்வளவு ஆதாரம் இருந்தும் இந்தக் கூட்டங்கள் ஏன் ஒழியவில்லை? இதற்கான பதில்தான் எனக்கு ஆராய்ச்சி முழுவதிலும் சுவாரசியமான இடம். 1992இல் ஸ்ட்ரோப, டீல் இருவரும் இன்னொருவரோடு சேர்ந்து, கலந்துகொண்டவர்களிடமே கேட்டுப் பார்த்தார்கள். குழுவில் இருந்தவர்களுக்குத் தங்கள் வேலையில் தனி ஆட்களைவிட அதிக திருப்தி. அதுமட்டுமல்ல, மற்றவர்கள் சொன்ன யோசனைகளில் ஒரு பங்கு தமக்கும் தோன்றியதுதான் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். பொய் சொல்லவில்லை. அறையில் யோசனைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது எது நம்முடையது, எது அடுத்தவருடையது என்ற கோடு அழிந்துவிடுகிறது. "நல்லா போச்சுல்ல?" என்ற திருப்தி அங்கிருந்துதான் வருகிறது. இதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். மெல்லிய குரலில் ஒருமுறை சொன்னவரின் யோசனையை, உரத்த குரலில் இரண்டாவது முறை சொன்னவர் வாங்கிக்கொண்டு போகிறார். அதிலும் சம்பள உயர்வு எழுதுகிற அதிகாரி அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தால், யார் பெயர் அவர் நினைவில் நிற்கும்? என்னுடைய குறுகிய இன்டர்ன்ஷிப் அனுபவத்தில், அதிகாரி முதலில் பேசிவிட்ட கூட்டத்தில் அவர் சொல்லாத ஒரு யோசனை பலகையில் ஏறி நான் பார்த்ததில்லை.

இந்த முறைக்கு ஆதரவாக ஒரு குரலும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1996இல் ராபர்ட் சட்டன், ஆண்ட்ரூ ஹார்கடன் இருவரும் ஐடியோ என்ற கலிஃபோர்னிய வடிவமைப்பு நிறுவனத்தில் நேரில் இருந்து பார்த்து எழுதினார்கள். யோசனைகளை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள், இந்தக் கூட்டங்களால் வேறு வேலைகளும் நடக்கின்றன என்பது அவர்கள் வாதம். பழைய ப்ராஜெக்டுகளில் கற்றது புதியவர்களுக்குப் போய்ச் சேருகிறது, யாருக்கு எது தெரியும் என்பது தெரியவருகிறது, வாடிக்கையாளரும் அசந்துபோகிறார். ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஐடியோவில் தினமும் அதே தொழிலில் ஊறிய பொறியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதை எல்லா அலுவலகத்துக்கும் நீட்ட முடியாது என்று நினைக்கிறேன்.

'குறை சொல்லாதே' விதிக்கும் அடி விழுந்தது. 2004இல் வெளியான சார்லன் நெமத்தின் ஆய்வு, அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்தது. சில குழுக்களிடம் ஆஸ்பர்ன் விதியைச் சொன்னார்கள். சில குழுக்களிடம் "தாராளமாக விவாதியுங்கள், ஒருவர் யோசனையை இன்னொருவர் விமர்சிக்கலாம்" என்றார்கள். விவாதிக்கச் சொன்ன குழுக்கள் பின்தங்கவில்லை, முந்தின. நம்ம டீக்கடை பெஞ்சுக்கு இது புதுச் செய்தியா என்ன?

முதலில் நான் 'பாதி' என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். ஆஸ்பர்னின் புத்தகத்தில் கூட்டம் என்பது ஒரு துண்டுதான். கூட்டத்துக்கு முன்பே பிரச்சினையை ஒரு பக்கத்துக்குள் எழுதி எல்லாருக்கும் அனுப்பச் சொல்கிறார், தனியாக யோசித்துவிட்டு வரட்டும் என்று. கூட்டம் முடிந்த மறுநாள் ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்கச் சொல்கிறார், இரவு தூங்கி எழுந்ததில் ஏதாவது தோன்றியிருக்கும் என்று. குழு யோசனை தனி யோசனைக்குத் துணைதானே தவிர மாற்று அல்ல என்றும் எழுதியிருக்கிறார். த்ரீ எம் ஆய்வில் குழுவுக்குப் பிறகு தனியாக யோசித்தவர்கள் முந்தியதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். தனியே மண்டை காய்ந்து உட்கார்ந்திருக்கும்போது கேட்டுக்கொள்ள அவர் ஒரு கேள்விப் பட்டியலும் கொடுத்தார். இதைப் பெரிதாக்கினால்? சிறிதாக்கினால்? தலைகீழாக்கினால்? வேறு எதற்காவது பயன்படுமா? வேறொன்றோடு சேர்க்கலாமா? 1971இல் பாப் எபர்லி என்பவர் அதைச் சுருக்கி 'ஸ்கேம்பர்' என்று பெயர் வைத்தார். எம்.பி.ஏ. படிக்கும் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். முன்னாலும் பின்னாலும் இருந்த தனிமை இரண்டையும் வெட்டி எறிந்துவிட்டு நடுவில் இருந்த கூச்சலை மட்டும் அலுவலகங்கள் வைத்துக்கொண்டன. காரணம் எளிது. கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் போதும், ஒரு அறை போதும். ஒரு ஊழியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தனியாக யோசித்தால் அவர் வேலை செய்கிறாரா தூங்குகிறாரா என்று எந்த மேனேஜருக்குத் தெரியும்?

ஆஸ்பர்ன் 1966இல் காலமானார். அதற்கு இரண்டு வருடம் கழித்து, டீலும் ஸ்ட்ரோபவும் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதற்கு ஏறத்தாழ இருபது வருடம் முன்பே, பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் காத்திருப்பு என்ற தொல்லையே இல்லாத ஒரு முறையை வெளியிட்டிருந்தார். பெயர் 6-3-5. ஆறு பேர் சுற்றி உட்கார வேண்டும். ஆளுக்கொரு தாள். ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை எழுதி, தாளைப் பக்கத்து ஆளுக்குத் தள்ள வேண்டும். வந்த தாளில் இருப்பதைப் படித்து, அதற்குக் கீழே இன்னும் மூன்று. அரை மணி நேரத்தில் ஆறு தாளும் சுற்றி முடியும், 108 யோசனை. அடுத்தவர் யோசனையைப் பிடித்து மேலே கொண்டுபோகும் ஆஸ்பர்ன் விதி அப்படியே இருக்கிறது. ஆனால் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை, அறையில் பேனா சத்தம் மட்டும்தான். கணினி வந்த பிறகு, 1990களின் தொடக்கத்தில், எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்கிற முறையைச் சோதித்தபோதும் இதே பலன். ஆட்கள் கூடக் கூட அந்தக் குழுக்கள் நன்றாகச் செய்தன.

கொரோனா காலத்தில் கூட்டமெல்லாம் வீடியோ திரைக்குப் போனதே, அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மெலனி புரக்ஸ், ஜொனாதன் லெவாவ் இருவரும் 2022இல் 'நேச்சர்' இதழில் எழுதிய ஆய்வு. ஆய்வகத்தில் 602 பேர், அதோடு ஒரு நிறுவனத்தின் ஐந்து நாட்டு அலுவலகங்களில் 1,490 பொறியாளர்கள், எல்லாரும் இரண்டிரண்டு பேராக. நேரில் உட்கார்ந்த ஜோடிகளைவிட வீடியோ ஜோடிகள் குறைவான யோசனைகளே கொடுத்தார்கள். திரையையே முறைத்துக்கொண்டிருப்பதால் பார்வை குறுகுகிறது, பார்வையோடு யோசனையும் குறுகுகிறது என்பது அவர்கள் விளக்கம். நேரில் இருந்தவர்களின் கண்கள் அறை முழுக்க அலைந்தன, அவர்கள் அறையில் கண்ட பொருட்களையும் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். வந்த யோசனைகளில் எது சிறந்தது என்று தேர்ந்தெடுப்பதில் மட்டும் வீடியோ ஜோடிகள் பின்தங்கவில்லை.